நாற்பது மழைக்காலம்

வரலாற்றுத் தொடர்: பந்தும் ஊரும் (பகுதி 9)

கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் அந்த நகரத்தின் கால்பந்து லீகை 1981இல் வென்றது. அதே லீகை மறுபடி வென்றது 2021 நவம்பர் 18 அன்று. 1981இல் தகப்பன் தோளில் ஏறி ஆட்டம் பார்த்த பிள்ளை, 2021இல் பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வரும் வயதை நெருங்கியிருந்தான். இடையில் புதிய அணிகள் முளைத்தன, பழைய அணிகள் கலைந்தன, ஐரோப்பாவின் பெரிய ஆட்டங்கள் தொலைக்காட்சி வழியே வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்தன. ஆனாலும் வெள்ளை கறுப்புக் கொடியை விட்டு வேறு கொடிக்கு மாறாத பெருங்கூட்டம் ஒன்று அந்த நகரில் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பற்று எங்கே வேர் பிடித்தது, தோல்விகளுக்கு நடுவே எப்படித் தாக்குப்பிடித்தது என்பது இந்தப் பகுதியின் பொருள்.

கழகத்தின் தொடக்கம் 1887இல் நிறுவப்பட்ட ஜூபிலி கிளப்பில் இருக்கிறது. இரண்டு மூன்று முறை பெயர் மாறி, 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்று நிலைத்தது. சென்ற பகுதியில் பார்த்தபடி மோகன் பகான் 1911 ஜூலை 29இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியபோது முகமதனுக்கு வயது இருபது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஊர் பேசாத அணியாகவே கீழ்ப்பிரிவில் கிடந்தது.

1898இல் தொடங்கிய கல்கத்தா லீகை 1933 வரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. ராணுவப் படைப்பிரிவுகளும் கல்கத்தா, டல்ஹௌசி போன்ற வெள்ளையர் கிளப்புகளும் மாறி மாறி எடுத்துக்கொண்டன. கடைசி மூன்று ஆண்டுகளிலும், 1931, 1932, 1933, டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற படைப்பிரிவுதான் முதலிடம். இந்த வரிசையை உடைத்தது, முதல் பிரிவில் அப்போதுதான் காலடி வைத்த முகமதன். 1934இல் மேலேறிய அதே ஆண்டில் பட்டத்தை வென்றது. அடுத்து 1935, 1936, 1937, 1938. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள்.

இந்த ஐந்தாண்டை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. நிர்வாகிகள் திட்டமிட்டு உழைத்தார்கள். ஒரு நகரத்துப் பிள்ளைகளை மட்டும் நம்பியிராமல் இந்தியா முழுவதிலும் ஆள் தேடினார்கள். பெங்களூரிலிருந்து மொகியுதீன், ரஹ்மத் போன்றவர்கள் வந்தார்கள். குவெட்டாவிலிருந்து ஜும்மா கான் வந்தார். கால்பந்தின் மந்திரவாதி என்று வங்காளம் கொண்டாடிய சையது அப்துஸ் சமத் ஏறக்குறைய நாற்பது வயதில் இந்த அணிக்குள் வந்தார். இரண்டாவது முடிவு காலணி பற்றியது. கல்கத்தா லீக் மழைக்காலத்து விளையாட்டு. மே மாதத்தில் காய்ந்த தரையில் தொடங்கும் ஆட்டம் ஜூலையில் சேற்றில் நடக்கும். இந்திய ஆட்டக்காரர்கள் அப்போது வெறுங்காலோடு ஆடினார்கள். காய்ந்த தரையில் அவர்களைப் பிடிக்க முடியாது. சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். பூட்ஸ் போட்ட சிப்பாய்கள் மழை வந்ததும் முந்திவிடுவார்கள். முகமதன் தன் ஆட்டக்காரர்களுக்கு எடை குறைந்த பூட்ஸ் கொடுத்து, ஈரத் தரையில் அதைப் போட்டு ஆடப் பழக்கியது. பருவமழை அதுவரை வெள்ளையர் அணிகளுக்குச் செய்துவந்த உதவி அத்தோடு நின்றது.

கூட்டம் திரண்ட விதத்தை அக்காலத்துப் பத்திரிகைகள் வியந்து எழுதின. ஆட்ட நாளில் வங்காளத்தின் உள் மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்தார்கள். அதுவரை மைதானத்துப் பக்கமே வராத கைவினைஞர்கள், கப்பல்துறைக் கூலிகள், கிராமத்து விவசாயிகள் வந்தார்கள். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் அணிக்கு வாழ்த்துக் கவிதை எழுதினார். முகமதன் என்ற பெயரில் ஊருக்கு ஊர் சங்கங்கள் பிறந்தன. டாக்காவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 1936இல் தோன்றியது அவற்றுள் முக்கியமானது. அதே 1936இல் கல்கத்தா அணி லீகோடு ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் சேர்த்து வென்றது. ஒரே ஆண்டில் இரண்டையும் எடுத்த முதல் இந்திய அணி அதுவே.

பற்று என்றால் என்ன என்பதற்கு முகமது சலீமின் கதை ஒன்று போதும். கல்கத்தாவின் மட்டியாபுருஜ் பகுதியில் பிறந்தவர்; முகமதனின் வலது ஓர ஆட்டக்காரர். 1936இல் உறவினர் ஒருவரின் தூண்டுதலில் கப்பலேறி ஸ்காட்லாந்து போனார். கிளாஸ்கோவின் செல்டிக் கழகம் அவரைச் சோதித்துப் பார்த்தது. காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு, பூட்ஸ் இல்லாமல் ஆடினார். ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணிக்கு எதிராகச் செல்டிக்கின் மாற்று அணி 7-1 என்று வென்றபோது ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் அவர் கால் வித்தையைக் கொண்டாடின. செல்டிக் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. சலீமுக்கு ஊர் ஏக்கம் தாங்கவில்லை. திரும்பி வந்து மறுபடி வெள்ளை கறுப்புச் சட்டையை அணிந்தார். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் என்ற பெருமை இன்று அவருக்கு உண்டு. மட்டியாபுருஜில் அவர் பெயர் நிலைத்தது திரும்பி வந்ததற்காகவும்தான்.

1939இல் லீகை நடத்திய சங்கமான ஐ.எஃப்.ஏ.வோடு ஏற்பட்ட பிணக்கில் முகமதன் லீகை விட்டு வெளியேறியது. அந்த ஆண்டு மோகன் பகான் தன் முதல் லீக் பட்டத்தைப் பெற்றது. 1940இல் முகமதன் திரும்பி வந்து லீகை வென்றது, பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது, டிசம்பரில் டெல்லியில் டூரண்ட் கோப்பையையும் வென்றது. டூரண்ட் 1888இல் சிம்லாவில் பிரிட்டிஷ் படைகளுக்காகத் தொடங்கிய போட்டி. அரை நூற்றாண்டாகப் படைப்பிரிவுகளின் சொத்தாக இருந்த அந்தக் கோப்பையை, ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்து ஓர் இந்தியக் கிளப் முதன்முதலாக எடுத்தது. ஆட்டம் நடந்த இர்வின் ஆம்ஃபிதியேட்டர்தான் இப்போது தயான் சந்த் பெயரைத் தாங்கும் தேசிய அரங்கம். 1941இல் லீகும் ஷீல்டும், 1942இல் மறுபடி ஷீல்டும் வந்தன.

அடுத்த எண்பது ஆண்டுப் பற்றுக்கும் விதை இந்தச் சில ஆண்டுகள்தான். பிற்காலத்தில் ஒரு கோப்பையும் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் 1934ஐயும் 1940ஐயும் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஆண்டவனிடம் கோப்பை கேட்கும் பழக்கம் அந்த வீடுகளில் சோற்றோடு சேர்ந்தே வந்தது.

அந்த வீடுகள் எங்கே இருந்தன என்பதும் முக்கியம். கிதிர்பூர், மட்டியாபுருஜ், ராஜாபஜார், பார்க் சர்க்கஸ் ஆகியவை கழகத்தின் கோட்டைகள். கிதிர்பூர் கல்கத்தாத் துறைமுகத்தின் கப்பல்துறைகள் இருக்கும் இடம். தூத்துக்குடிக்கு முத்தையாபுரம் எப்படியோ ஏறக்குறைய அப்படி: துறைமுகத்தையும் அதைச் சுற்றிய தொழில்களையும் நம்பி விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் குடும்பங்களின் பகுதி. மட்டியாபுருஜ், அவத் நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து வந்து தங்கிய இடம்; பிறகு தையல்காரர்களின் ஊரானது. முத்தையாபுரத்து உப்பளத்தில் மழை வந்தால் பாத்தி கரையும், வேலை நிற்கும். கல்கத்தாவில் மழை வந்தால்தான் லீக் சூடு பிடிக்கும். வாரக் கூலியிலிருந்து டிக்கெட்டுக்குக் காசு ஒதுக்கி, பிற்பகல் ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்கி, சேறு அப்பிய காலோடு இரவில் வீடு திரும்பியவர்கள் இந்தக் கழகத்தின் முதுகெலும்பு.

மைதான் என்று கல்கத்தாவாசிகள் சொல்லும் பெருவெளி ராணுவத்துக்குச் சொந்தமானது. அதனால் கழகங்கள் அங்கே நிலையான கட்டடம் எழுப்ப முடியாது. ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு கூடாரமும் மரப்பலகை அடுக்கிய காலரியும்தான். கூடாரம் என்ற பெயர் இன்றும் அப்படியே நிற்கிறது. டிக்கெட் கிடைக்காதவர்கள் வில்லியம் கோட்டைப் பக்கத்து மேட்டில் ஏறி நிற்பார்கள். கூட்டத்தின் பின்வரிசைக்காரர்களுக்கு அட்டையில் செய்து உள்ளே கண்ணாடி ஒட்டிய பெரிஸ்கோப் விற்பனைக்கு வரும். அதை உயர்த்திப் பிடித்தால் முன்னால் நிற்பவன் தலைக்கு மேலே பந்து தெரியும். ‘ஜான் ஜான் மொஹமடன்’, உயிர் உயிர் முகமதன் என்ற கோஷம் காலரியிலிருந்து கிளம்பினால் ஆட்டம் தொடங்கிவிட்டது என்று தெருவில் போகிறவனுக்கும் தெரியும்.

முகமதன் இஸ்லாமியரின் அணியாகப் பிறந்து, இஸ்லாமியரின் அணியாகவே வெற்றி கண்டது. 1946 கலவரமும் 1947 பிரிவினையும் அந்த அடையாளத்தைக் கழகத்துக்குப் பாரமாக்கின. ரசிகர்களில் பலர் கிழக்கு வங்காளத்து மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே இரவில் அவர்கள் வேறு நாட்டுக் குடிகளானார்கள். ஆட்டக்காரர்கள் சிலரும் எல்லை தாண்டினார்கள். பணம் கொடுத்துவந்த செல்வந்தர்களும் போனார்கள். ஈஸ்ட் பெங்காலுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது: எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அகதிகள் அதன் பின்னால் திரண்டார்கள். ஆளும் பணமும் போன நிலையிலும், சுதந்திரத்துக்குப் பிறகான முதல் கல்கத்தா லீக் பட்டத்தை 1948இல் முகமதனே வென்றது. கல்கத்தாவிலேயே தங்கிவிட்ட இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அந்தப் பட்டம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த ஆண்டின் சூழலை வைத்தே உணரலாம். இந்தக் கழகத்தின் எல்லாப் பட்டங்களிலும் மிகக் கனமானது 1934 அல்ல, 1948 என்று சொல்வதற்கு இடமுண்டு.

அதன் பிறகு வெற்றிகள் இடைவெளி விட்டு வந்தன. 1956இலும் 1959இலும் ரோவர்ஸ், 1957இல் லீக். 1960இல் டாக்கா சென்று ஆகா கான் தங்கக் கோப்பையை வென்றது. அயல்மண்ணில் கோப்பை வென்ற முதல் இந்தியக் கிளப் என்ற பெயர் அதனால் வந்தது. 1960களில் கழகம் பிற மதத்து ஆட்டக்காரர்களுக்கும் கதவைத் திறந்தது. காலந்தாழ்ந்த முடிவுதான், ஆனால் கழகத்தைக் காப்பாற்றிய முடிவு. சுரஜித் சென்குப்தா போன்ற வங்காளத்து நட்சத்திரங்களும், ஈரானின் மஜீத் பிஷ்கர், நைஜீரியாவின் சீமா ஒக்கோரி போன்றவர்களும் பிற்பாடு இந்தச் சட்டையை அணிந்தார்கள். 1967இல் லீக், 1971இல் ஷீல்டு, 1981இல் லீக், 1983இலும் 1984இலும் ஃபெடரேஷன் கோப்பை, 1987இல் ரோவர்ஸ்.

பிறகு வறட்சி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பெரிய நிறுவனங்களின் ஆதரவோடு வளர, முகமதன் ஆண்டுதோறும் பணத்துக்கு அலைந்தது. 1996இல் தேசிய லீக் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. நகர லீகின் மூன்றாவது பெரிய பெயர் தேசிய அளவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் கூடாரத்தில் கூடிய ரசிகர்கள் நிர்வாகத்தோடு சண்டை போட்டார்கள், ஆட்டக்காரர்களைத் திட்டினார்கள், தோற்ற மறுநாள் வரமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள், அடுத்த ஆட்டத்துக்கு வந்தார்கள். பற்றின் சாதாரண உருவம் இதுதான். இதில் புனிதம் எதுவும் இல்லை. விட முடியாமை மட்டும் உண்டு.

2013 செப்டம்பரில் ஓ.என்.ஜி.சி. அணியை வீழ்த்தி டூரண்ட் கோப்பையை 73 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி எடுத்தது. 2014இல் ஷீல்டும் கிடைத்தது. விடிந்துவிட்டது என்று நினைத்த அதே பருவத்தில் தேசிய லீகான ஐ-லீகிலிருந்து கீழிறக்கம். 2014 அக்டோபரில், பணமில்லாததால் அணியையே நிறுத்தி வைப்பதாகக் கழகம் அறிவித்தது. 123 வயதான கழகம் பூட்டும் நிலைக்கு வந்துவிட்டது.

இப்படி ஒரு தருணம் எந்த நாட்டிலும் ரசிகரின் தரத்தைக் காட்டிவிடும். இதற்கு மிக நெருங்கிய உதாரணம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கிறது. அங்கே மக்கள் ஆடும் கால்பந்து வேறு வகை: நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், நான்கு கம்பங்கள், நடுக் கம்பங்களுக்கு இடையே அடித்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்கு இடையே போனால் 1 புள்ளி. 1873இல் பிறந்த செயின்ட் கில்டா கழகம் இதுவரை ஒரே ஒருமுறைதான் பட்டம் வென்றிருக்கிறது; 1966இல், காலிங்வுட்டை 74-73 என்று, அந்த ஒற்றைப் புள்ளி அடியால். நகரின் மேற்கே, ஆலைத் தொழிலாளர் பகுதியான ஃபுட்ஸ்கிரேயின் அணி 1954இல் பட்டம் வென்றபின் வெற்றியையே மறந்தது. 1989இல் கடன் முற்றி, அதை ஃபிட்ஸ்ராய் கழகத்தோடு இணைத்துவிட லீக் நிர்வாகம் முடிவெடுத்தது. மேற்குப் புறநகர் மக்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கி, வீடு வீடாக உண்டியல் குலுக்கி, சில வாரங்களில் சுமார் 15 லட்சம் டாலர் திரட்டிக் கழகத்தை மீட்டார்கள். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பெயர் மாறிய அந்த அணி 2016 அக்டோபர் 1 அன்று 62 ஆண்டுக்குப் பிறகு பட்டம் வென்றது. காயத்தால் ஆட முடியாமல் போன தலைவர் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். இணைப்பிலிருந்து அப்போது தப்பிய ஃபிட்ஸ்ராய், 1996இல் பிரிஸ்பேன் அணியோடு கரைந்தது.

முகமதனும் பூட்டப்படவில்லை. இரண்டாம் பிரிவில் மறுபடி களமிறங்கியது. 2020 அக்டோபரில் தகுதிச் சுற்றை வென்று ஐ-லீகுக்குத் திரும்பியது. 2021 அக்டோபர் 3 அன்று டூரண்ட் இறுதியில் கோவா அணியிடம் கூடுதல் நேரத்தில் ஒரு கோலில் தோற்றது. ஆறு வாரம் கழித்து, சால்ட் லேக் அரங்கில், ரயில்வே அணிக்கு எதிரான லீக் இறுதியில் டிரினிடாட் நாட்டு மார்க்கஸ் ஜோசஃப் தொடக்க நிமிடங்களிலேயே அடித்த கோல் கடைசிவரை நின்றது. 1-0. நாற்பது மழைக்காலத்துக் காத்திருப்பு ஒற்றைக் கோலில் தீர்ந்தது. 2022, 2023 ஆண்டுகளிலும் லீக் அதற்கே வந்தது.

நடுவே இன்னொரு வலி. 2022 மே 14 அன்று ஐ-லீக் கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவை வென்றால் முதல் தேசிய லீக் பட்டம். ஆட்டம் சொந்த ஊரில், சால்ட் லேக்கில். கோகுலம் முதல் கோல் அடிக்க, அசாருதீன் மல்லிக்கின் கோல் சமன் செய்ய, நான்கே நிமிடத்தில் எமில் பென்னி மறுபடி கோகுலத்தை முன்னால் கொண்டுபோனார். 2-1. அரங்கம் நிறைய வந்தவர்கள் பேச்சின்றிக் கலைந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 6 அன்று, ஷில்லாங்கில் லஜோங் அணியை 2-1 என்று வென்றபோது அந்தக் கடன் தீர்ந்தது. ரஷ்யரான ஆந்திரே செர்னிஷோவ் பயிற்சியில், நிறுவப்பட்டு 133 ஆண்டுகளில் முதல் தேசிய லீக் பட்டம். அதோடு இந்தியன் சூப்பர் லீகுக்கு ஏற்றமும் கிடைத்தது.

கால்பந்துப் பற்று வங்காளத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு முத்துக்குளித்துறையே சான்று. முத்தையாபுரம் வழியாகத் திருச்செந்தூர் போகும் சாலையில் வரும் காயல்பட்டினத்தில், ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை நடத்திவருகிறது. கல்கத்தாவில் வாழ்ந்து அங்கிருந்தே ‘அல்-ஹிலால்’ இதழை நடத்திய ஆசாத்தின் பெயரில், பாண்டிய நாட்டுக் கடற்கரையில் ஒரு தங்கக் கோப்பை.

சூப்பர் லீகில் முகமதனின் முதல் பருவம் 2024 செப்டம்பர் 16 அன்று தொடங்கியது. நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் கடைசி நேரக் கோலில் தோல்வி. அடுத்து கோவாவோடு, வெற்றி கைக்கு வந்தபின் நழுவி, 1-1. மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 26, சென்னை நேரு விளையாட்டரங்கம். மிசோரம் இளைஞர் லால்ரெம்சங்கா ஃபனாய் முதல் பாதியில் அடித்த கோலில் சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று வென்றது. பிறகு தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. சம்பளப் பாக்கிப் பிரச்சினை முற்றி, ஜனவரியில் செர்னிஷோவ் விலகினார். 2025 ஜனவரி 11 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில், உஸ்பெகிஸ்தானின் மிர்ஜலால் காசிமோவ் ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்த ஃப்ரீ கிக் இரண்டாவது வெற்றியைத் தந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ரஹ்மத்தும் மொகியுதீனும் ரயிலேறிப் போன ஊர் அது.

24 ஆட்டங்களில் 2 வெற்றி, 7 சமன், 15 தோல்வி. 13 அணிகளில் 13ஆவது இடம். வென்ற இரண்டும் தெற்கே, பிற அணிகளின் மைதானத்தில். சொந்த ஊர் ரசிகர்கள் அந்தப் பருவத்தில் தங்கள் காலரியிலிருந்து ஒரு வெற்றிகூடப் பார்க்கவில்லை.